நாற்பத்திரண்டில் ஒரு கொசு

புகார்ப் படிவத்தில் இருதயம் எழுதியது இவ்வளவுதான்:
"42-ல் கொசு."
நாற்பதில் இல்லை. நாற்பத்தைந்தில் இல்லை.
பாடி மேம்பாலம் ஏறும்போது உண்டு,
இறங்கும்போது கொஞ்சம் குறைச்சல்.
கீழே கையெழுத்து, தேதி, ஒரு டீ வட்டம்.

டீசல் வண்டியில் மட்டும் இல்லாமலா இருந்தது?
எஞ்சின் போட்ட கூச்சலுக்குள்
ஒளிந்துகொண்டு குடும்பம் நடத்தியது.
மின்சாரப் பேருந்து வந்து
போர்வையை உருவிக்கொண்டு போனது.
என் கியர் பல்லிளித்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குச் சம்பளம்,
பல் இருக்கும்போதே சொல் போவதற்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளியே மே மாதம்.
அளவீட்டு அறையில் இருபது டிகிரி,
சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.
சிவப்புக்கல் முனை ஒவ்வொரு பல்லாகத் தடவி வருகிறது.
திரையில் கோடு
நேராக, நேராக,
நுனியிலும் பிடிவாதமாக நேராக.
அங்கேதான் தப்பு.

சுமை ஏறினால் இரும்பும் வளையும்.
முன்னால் போகும் பல் முதுகு வளைய
அடுத்தது சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து
விளிம்பால் இடிக்கிறது.
நொடிக்கு ஆயிரத்து நூற்றிருபது இடி.
சேர்த்துக் கேட்டால் கொசு.

ரப்பர் அட்டை ஒட்டி மூடிவிடலாம் என்றார் குலசேகர்.
காதைப் பொத்துவது வேறு, வாயை மூடுவது வேறு
என்றேன், மனசுக்குள்.
வாயால், "ஒரு வாரம் குடுங்க சார்."

காலை ஏழே காலுக்குக் கொரட்டூரில்
ரயில் ஏறுகிறவர்களைப் பாருங்கள்.
நெஞ்சை நிமிர்த்தி நுழைகிறவன்
இடித்துத் திட்டு வாங்குகிறான்.
டிபன் பையை முன்னால் பிடித்து,
தோளைச் சாய்த்து,
ஓரமாகத் தொடங்கி முழுசாய் உள்ளே போகிறவளை
யாரும் கவனிப்பதே இல்லை.

பல்லைச் சாய்த்தேன், இருபத்திரண்டு டிகிரி.
நுனியில் பதினெட்டு மைக்ரான் வழித்தேன்:
தலைமுடியை நாலாகப் பிளந்தால் ஒரு கீற்று.

பிறகு எண்ணிக்கை.
இருபத்து நாலுக்கு எழுபத்திரண்டு, என் பழைய கணக்கு.
மும்மடங்கு, மீதியே இல்லை, வாய்ப்பாட்டு அழகு.
அதனாலேயே ஒரு பல்
அதே மூன்று பற்களை ஆயுசுக்கும் சந்திக்கும்.
ஒரு சிராய்ப்பு விழுந்தால்
அதே இடத்தில் அதே குத்து,
எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு மாதிரி.
இருபத்து மூன்று, எழுபத்தொன்று என்று மாற்றினேன்.
எதாலும் வகுபடாத இரண்டு முரடர்கள்.
இன்று உரசியதை மறுபடி பார்க்க
எழுபத்தொரு சுற்றுப் போக வேண்டும்.
அதற்குள் மற்ற எல்லோரையும் பார்த்தாகிவிடும்,
கோபம் பொதுவாகத் தேய்ந்துவிடும்.

கிரைண்டிங்கில் இரவு ஷிஃப்ட் தணிகாசலம்.
"பதினெட்டா மேடம்? பதினஞ்சுன்னாங்களே?"
பதினெட்டு.
கல்லைத் தீட்டினார். எண்ணெய் பாய்ந்தது.
அந்தப் பெட்டி கொசுவை
நாற்பத்தாறுக்குத் தள்ளியது, அவ்வளவுதான்.
குலசேகர் என்னைப் பார்த்த பார்வையில் ரப்பர் அட்டை இருந்தது.
தணிகாசலம்தான் சொன்னார்,
பல்லின் இரண்டு ஓரத்தையும் லேசாக இறக்கி
நடுவில் கொஞ்சம் தொப்பை விடச் சொல்லி.
விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலிப் பேருந்து.
இருதயம் ஸ்டியரிங்கில்,
நான் அவருக்குப் பின்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு.
முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
நாற்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று.

பாலத்தின் உச்சியில் ஓரம் கட்டி எழுதினார்:
"கொசு இல்லை. பின்னாடி மூணாவது ஜன்னல் ஆடுது."
அது பாடி ஷாப் வேலை என்றேன்.
"எழுதி வைக்கிறேன், யாராவது பார்க்கட்டும்."

இறக்கத்தில், ஜன்னல் சத்தத்துக்கும் டயருக்கும் நடுவே
மெலிதாக ஒரு முனகல். மைக்கைத் திருப்பினேன்.
கியர் இல்லை.
இருதயம்தான், மூக்குக்குள் ஏதோ ராகம் இழுத்தபடி.
இருபத்தாறு வருஷம் டீசல் ஓட்டியவர்.
வெளியே கேட்கும் என்று அவருக்கே தெரியாது.
நான் சொல்லவில்லை.